1.7 டன் டீசல் பிக்கப்: தக்காளி லோடுக்கு எது எடுக்கலாம்? தொப்பூர் இறக்கத்துக்குத் தாங்குமா?

பாலக்கோட்டுத் தோட்டம்

எல்லோருக்கும் வணக்கம். பாலக்கோட்டுக்கும் மாரண்டஅள்ளிக்கும் நடுவில் எங்கள் நிலம். நாலு ஏக்கர் தக்காளி, மேட்டில் முப்பது மாமரம், அதில் பெங்களூராதான் அதிகம். இதுவரை எல்லாமே வாடகை வண்டிதான். விலை நன்றாக இருக்கும்போது வாடகை பெரிதாகத் தெரியாது. விலை இறங்கிவிட்டால் பறிகூலியும் வாடகையும் கொடுத்த பிறகு கையில் ஒன்றும் நிற்பதில்லை. சொந்தமாக ஒரு செகண்ட்ஹேண்ட் பிக்கப் எடுக்கலாம் என்று வீட்டில் முடிவு செய்துவிட்டோம்.

ஓட்டம் இப்படி: வாரம் நான்கு நாள் ராயக்கோட்டை மண்டி. வாரம் ஒரு நடை சேலம், அதாவது தொப்பூர் கணவாய் இறங்க வேண்டும். மாங்காய் சீசனில் கிருஷ்ணகிரி பக்கம் மாங்கூழ் ஃபேக்டரிக்கு. எங்கள் பக்கம் ஒரு கிரேட்டில் 25 கிலோ தக்காளி பிடிக்கும், காலி கிரேட் இரண்டு கிலோ என்று வைத்தால், 60 கிரேட்டுக்கு 1620 கிலோ வரும். அதனால் 1.7 டன் வண்டி போதும் என்று நினைக்கிறேன்.

பெரிய இன்ஜினாக எடு, ஏற்றத்தில் திணறக் கூடாது என்கிறார் அப்பா. எனக்குத் தொப்பூர்தான் பயம். எது எடுக்கலாம், செகண்ட்ஹேண்டில் என்ன பார்க்க வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காவேரிப்பட்டணம் தேங்காய் லோடு

தம்பி, மஹிந்திரா பொலேரோ பிக்கப் 1.7 டன் எடு. ஆறு வருடமாகத் தேங்காய் ஏற்றுகிறேன். பார்ட்ஸ் எந்த ஊரிலும் கிடைக்கும், எந்தப் பட்டறையிலும் கை வைப்பார்கள். கரடுமுரடான தோட்டத்து வழிக்கும் அதுதான் சரி.

ஓசூர் ரோஜா

எங்களுக்கு பூ லோடு, எடை குறைவு, இடம்தான் வேண்டும். அதனால் அசோக் லேலண்ட் தோஸ்த் வைத்திருக்கிறோம். 2011-ல் வந்த வண்டி, தயாராவது இங்கே ஓசூரிலேயே. 1.5 லிட்டர், மூன்று சிலிண்டர் இன்ஜின். பெங்களூரு சந்துகளில் திருப்ப அருமையாக இருக்கும். ஆனால் உங்கள் 1620 கிலோவுக்கு தோஸ்த் வேண்டாம். அதே குடும்பத்தில் 2020-ல் வந்த படா தோஸ்த் ஐ4 பாருங்கள், 1.8 டன் சுற்றி ஏற்றலாம், 80 எச்பி. மூக்கு இல்லாத முன்பக்கம் என்பதால் அதே நீளத்தில் பாடி பெரிதாகக் கிடைக்கிறது.

காரிமங்கலம் பட்டறை

கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள். இருபத்திரண்டு வருடமாக பிக்கப், மினி லாரி வேலைதான் பார்க்கிறேன்.

முதலில் இன்ஜின் விஷயம். பிஎஸ்6 (புதிய புகை விதிப்படி வந்த) பொலேரோ பிக்கப் 1.7-ல் 2523 சிசி, நான்கு சிலிண்டர், 75 எச்பி, டார்க், அதாவது சக்கரத்தைச் சுற்றும் முறுக்கு விசை, 200 நியூட்டன் மீட்டர். கேட்டால் சின்ன எண் மாதிரி இருக்கும். இன்றைக்கு ஒரு சாதாரண காருக்கே 75 எச்பிக்கு மேல் இருக்கிறது. ஆனால் அந்த 200 டார்க் 1400 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடுகிறது, 2200 வரை நிற்கிறது. லோடு வண்டிக்கு வேண்டியது அதுதான். ராயக்கோட்டை மண்டி வாசலில் லோடோடு நின்று, கிளட்சை விட்டதும் இன்ஜின் திணறாமல் நகர வேண்டும். அந்த இடத்தில் 4000 ஆர்பிஎம்மில் வரும் எச்பி ஒன்றுக்கும் உதவாது.

டாடா யோதா 2.0, 2022 செப்டம்பரில் வந்தது. 2.2 லிட்டர், 100 எச்பி, 250 டார்க், இரண்டு டன் ஏற்றலாம். பொலேரோ மேக்ஸ் எச்டி 2.0 அதற்கடுத்த வருடம் வந்தது, 80 எச்பி, 220 டார்க், அதுவும் இரண்டு டன், பாடி பத்தடி. மூன்றுமே ஏற்றத்தில் உங்களைக் கைவிடாது. யோதா கொஞ்சம் சீக்கிரம் ஏறும், அவ்வளவுதான். எனவே அப்பாவின் கவலையை இத்தோடு விட்டுவிடலாம்.

உங்கள் பயம்தான் சரியான பயம் தம்பி. வண்டி வாங்க வருகிறவர்கள் என்னிடம் கேட்பது எவ்வளவு இழுக்கும், எவ்வளவு மைலேஜ் தரும் என்றுதான். எவ்வளவு நிற்கும் என்று கேட்டவர்களை எண்ணினால் ஒரு கை விரல் மிச்சமாகும்.

போன மாசி மாதம் ஒரு பிக்கப் வந்தது. பிரேக் சாஃப்டாக இருக்கிறது, ஃப்ளூயிட் மாற்றிக் கொடுங்கள் என்றார் ஓட்டுநர். பின்சக்கரத்தைக் கழற்றி டிரம்மை எடுத்தேன். உள்பக்கம் இரும்பு நீலம் பாரித்திருந்தது. பிரேக் ஷூவில் லைனிங் கண்ணாடி மாதிரி பளபளவென்று, நகத்தால் கீறினால் நகம் வழுக்கியது. கருகிய வாடை பட்டறை முழுக்க. ஃப்ளூயிட் டப்பாவைத் திறந்தால் டிகாக்‌ஷன் நிறம். கேட்டேன், தொப்பூரில் எப்படி இறங்குவீர்கள் என்று. "நியூட்ரல் போட்டு விட்டுவிடுவேன் அண்ணா, டீசல் மிச்சமாகும்" என்றார். மூன்று பிள்ளைகளுக்கு அப்பா.

இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். இப்போதைய காமன் ரெயில் டீசல் வண்டியில், கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், இன்ஜெக்டர் டீசல் விடுவதையே நிறுத்திவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றும். அந்த நேரம் டீசல் செலவு பூஜ்யம். நியூட்ரல் போட்டால் இன்ஜின் ஐட்லிங்கில் ஓட வேண்டும், அதற்கு டீசல் குடிக்கும். அதாவது நியூட்ரலில் இறக்குவதுதான் செலவு. மிச்சம் என்பது பழைய காலத்து நம்பிக்கை.

இன்ஜினையே அணைத்துவிட்டு உருட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். பிரேக் மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் பூஸ்டருக்கு வேக்குவம் கொடுப்பது இன்ஜினோடு சுற்றும் பம்ப். இன்ஜின் நின்றால் மிச்சமிருக்கும் வேக்குவத்தில் ஒன்றிரண்டு தடவை பிரேக் பிடிக்கலாம். அப்புறம் பெடல் கல் மாதிரி ஆகிவிடும், எழுந்து நின்று மிதித்தாலும் போதாது. பவர் ஸ்டீயரிங்கும் கனத்துப் போகும். இரட்டைப் பாலம் வளைவில் இது நடந்தால் என்ன ஆகும் என்று தொப்பூர் பக்கம் இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தர்மபுரி இன்ஜினியரிங்

பட்டறை அண்ணா சொன்னதற்கு ஒரு கணக்கு சேர்க்கிறேன். மெக்கானிக்கல் படித்தவன்.

வண்டியும் லோடும் சேர்ந்து 3400 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். உயரத்தில் வெறும் 100 மீட்டர் இறங்கினாலே வெளியேற வேண்டிய ஆற்றல் சுமார் 33 லட்சம் ஜூல். சாதாரணத் தண்ணீர் பத்து லிட்டரைக் கொதிக்க வைக்கத் தேவையான சூடு அது. காற்று கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், டயர் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். கியரில் இருந்தால் பெரும் பங்கை இன்ஜின் வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் இருந்தால் அந்தச் சூடு கிட்டத்தட்ட முழுவதும் நான்கு சக்கரத்துப் பிரேக்கில்தான் இறங்கும்.

பிரேக் ஃப்ளூயிட் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் பொருள். டாட் 4 ரக ஃப்ளூயிட் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 3 என்றால் 205-லிருந்து 140-க்கு. ஃப்ளூயிட் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி வரும். குமிழியை அமுக்கலாம், அழுத்தம் சக்கரத்துக்குப் போகாது. பெடல் தரை வரை போவது அதனால்தான். பட்டறைக்கு வந்தபோது ஃப்ளூயிட் டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது என்றால் அந்த ஓட்டுநர் தப்பியது பெரிய விஷயம்.

போச்சம்பள்ளி டு டெக்சாஸ்

ஊர்ப்பேச்சைப் படித்ததும் எழுதத் தோன்றியது. சொந்த ஊர் போச்சம்பள்ளி, ஒன்பது வருடமாக டெக்சாஸில் வேலை. இங்கே ஹெவி டியூட்டி டீசல் பிக்கப் என்றால் வேறு உலகம். ராம் 3500, ஃபோர்டு சூப்பர் டியூட்டி, செவ்ரோலே சில்வராடோ எச்டி, அதன் இரட்டையான ஜிஎம்சி சியரா எச்டி இவைதான். பக்கத்துப் பண்ணைக்காரர் ராம் 3500 வைத்திருக்கிறார், பின்னால் நான்கு டயர். குதிரை டிரெய்லர், வைக்கோல் டிரெய்லர் எல்லாம் அதில்தான் இழுக்கிறார்.

அதில் கம்மின்ஸ் 6.7 லிட்டர், ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர். கூடுதல் திறன் உள்ள மாடலில் டார்க் 1075 பவுண்டு அடி, நம் கணக்கில் சுமார் 1457 நியூட்டன் மீட்டர். ஃபோர்டு 6.7 லிட்டர் வி8-ன் கூடுதல் திறன் மாடலில் 500 எச்பி, 1200 பவுண்டு அடி, அதாவது 1627. ஃபோர்டு எஃப்450 சரியான டிரெய்லரோடு 40,000 பவுண்டு, ஏறத்தாழ 18 டன் இழுக்கும் என்று கம்பெனியே சொல்கிறது. நம் ஊரில் பல பிக்கப் சேர்ந்து சுமக்கும் தக்காளியை ஒன்றே இழுக்கும்!

இதில் நமக்கு ஒரு சொந்தமும் உண்டு. 1989-ல் டாட்ஜ் ராமில் முதன்முதலாகப் போட்ட கம்மின்ஸ் 5.9 லிட்டர், 160 எச்பிதான். அதே பி சீரிஸ் குடும்பத்து இன்ஜினைத்தான் ஜாம்ஷெட்பூரில் டாடா கம்மின்ஸ் ஆலையில் செய்து டாடா லாரிகளில் போட்டார்கள். சின்ன வயதில் சந்தைக்கு வரும் லாரியின் சத்தமும் பக்கத்துப் பண்ணையில் நிற்கும் பழைய டாட்ஜின் சத்தமும் எனக்கு ஒன்றாகவே கேட்கும்.

அந்தப் பண்ணைக்காரர் எனக்குக் காட்டியது இன்ஜினை இல்லை. டேஷ்போர்டில் ஒரு சின்ன பட்டன், எக்ஸாஸ்ட் பிரேக். அழுத்தினால் டர்போவுக்குள் இருக்கும் இறகுகள் மூடி, புகை வெளியேறும் வழியை நெருக்கும். இன்ஜின் தன்னையே பிடித்துக்கொள்ளும். மலை இறக்கத்தில் பதினைந்து நிமிடம் அவர் காலைப் பிரேக்கில் வைக்கவே இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். டீசல் இன்ஜினில் பெட்ரோல் மாதிரி காற்றை அடைக்கும் த்ராட்டில் வேலை இல்லாததால் கியரில் மட்டும் பிடிப்பது கொஞ்சம் குறைவு. அந்தக் குறையைத்தான் இந்தப் பிரேக் தீர்க்கிறது.

பாலக்கோட்டுத் தோட்டம்

அண்ணா, படிக்கப் படிக்க ஆசையாக இருக்கிறது. அந்த மாதிரி வண்டியை இங்கே கொண்டுவர முடியாதா?

போச்சம்பள்ளி டு டெக்சாஸ்

ஸ்டீயரிங் இடது பக்கம் தம்பி, அங்கே தொடங்கி எல்லாமே சிக்கல். அதோடு அது மாரண்டஅள்ளித் தெருவில் திரும்பாது. நான் சொன்னது வாங்குவதற்காக இல்லை. அங்கே ஹெவி டியூட்டி என்று பெயர் வைக்க என்னென்ன பார்க்கிறார்கள் என்பதற்காக: தடித்த ஃபிரேம், முழு எடையையும் ஆக்சில் வீடே (ஷாஃப்ட்டைச் சுற்றியிருக்கும் இரும்பு உறை) தாங்கும் ஃபுல் ஃப்ளோட்டிங் ஆக்சில், பெரிய பிரேக், எக்ஸாஸ்ட் பிரேக். எச்பி அப்புறம்தான்.

காரிமங்கலம் பட்டறை

ரொம்பச் சரி. ஃபுல் ஃப்ளோட்டிங் பற்றி ஒரு வார்த்தை. அதில் உள்ளே இருக்கும் ஆக்சில் ஷாஃப்ட் சக்கரத்தைச் சுற்றுவது மட்டும்தான் செய்யும். எடை ஹப் பேரிங் வழியாக வீட்டின் மேல் உட்காரும். ஷாஃப்ட் உடைந்தாலும் சக்கரம் கழன்று போகாது. லாரியில் இருப்பது இதுதான். செமி ஃப்ளோட்டிங் என்றால் ஷாஃப்ட்டே எடையையும் தாங்கும், அதில் ஓவர்லோடு ஏற்றினால் முதலில் அடி வாங்குவது பேரிங். எந்த வண்டியைப் பார்க்கப் போனாலும் இதைக் கேளுங்கள்.

ஊத்தங்கரை பால் வண்டி

நான் பட்ட கஷ்டத்தையும் சொல்கிறேன், தம்பிக்கு உதவும். எந்தக் கம்பெனி வண்டி, எந்த சர்வீஸ் சென்டர் என்று சொல்ல விரும்பவில்லை. பிஎஸ்6 வண்டி. தினமும் ஆறு கிலோமீட்டர் போய் நிற்பேன், திரும்புவேன், அவ்வளவுதான் ஓட்டம். எட்டாவது மாதம் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு. ஓட்டிக்கொண்டே இருங்கள், தானாக அணைந்துவிடும் என்று போனில் சொன்னார்கள். எப்படி ஓட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. பத்து நாளில் வண்டி ஊர்ந்தது, ஆக்சிலரேட்டரை எவ்வளவு அழுத்தினாலும் நாற்பதைத் தாண்டவில்லை. காலைப் பால் கெட்டுப்போனது. ஃபில்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து திரும்ப வர நான்கு நாள் ஆனது. அந்த நான்கு நாளும் வாடகை வண்டி. விளக்கு எரிந்த அன்றே ஒரு வார்த்தை சரியாகச் சொல்லியிருந்தால் இந்தச் செலவே இல்லை என்று இன்றைக்கும் வருத்தம்தான்.

தர்மபுரி இன்ஜினியரிங்

டிபிஎஃப் அடைப்பு அது. 2020 ஏப்ரல் 1 முதல் கட்டாயமான பிஎஸ்6 விதிப்படி வந்த டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி இருக்கும். பிடித்த கரியை எரிக்க சைலன்சர் பக்கம் 550, 600 டிகிரி சூடு வேண்டும். ஆறு கிலோமீட்டர் ஓட்டத்தில் அந்தச் சூடு வராது. பாலக்கோடு தம்பி வாரம் ஒரு நடை சேலம் போகிறார், அந்த நெடுஞ்சாலை ஓட்டமே வடிகட்டியைச் சுத்தம் செய்துவிடும். விளக்கு வந்தால் கிருஷ்ணகிரி பைபாஸில் ஒரே வேகமாக இருபது நிமிடம் ஓட்டுங்கள், நடுவில் இன்ஜினை அணைக்காதீர்கள்.

கிருஷ்ணகிரி ஆர்டிஓ ஆபீஸ் பக்கம்

பேப்பர் வேலை பார்க்கிறவன். மூன்று விஷயம் சொல்லிவிடுகிறேன்.

லைசென்ஸ்: சாதாரண எல்எம்வி (இலகு ரக வாகன) லைசென்ஸ் போதும். மொத்த எடை 7500 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டியை எல்எம்வி வைத்திருப்பவர் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. விபத்து நடந்தால் லைசென்ஸைக் காட்டி இன்சூரன்ஸ் இழுத்தடிக்கும் பிரச்சினை அதோடு பெரும்பாலும் தீர்ந்தது.

பர்மிட்: வண்டியும் லோடும் சேர்ந்த மொத்த எடை 3000 கிலோ வரை பர்மிட் வேண்டாம். 1.7 டன் வண்டி அந்த எல்லையைத் தாண்டிவிடும், அதனால் வேண்டும். செகண்ட்ஹேண்டில் எடுக்கும்போது பர்மிட் நடப்பில் இருக்கிறதா, ஆர்சியில் கடன் பதிவு நீங்கியிருக்கிறதா என்று பாருங்கள். எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று) எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை, அப்புறம் வருடா வருடம்.

ஓவர்லோடு: பிடித்தால் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதல் டன்னுக்கு 2,000. இறக்கி வைக்கும் கூலியும் நம் தலையில்தான். மாங்காய் சீசனில் இரண்டரை டன் ஏற்றிக்கொண்டு வருகிறவர்களை நானே பார்க்கிறேன். வேண்டாம் தம்பி.

காவேரிப்பட்டணம் தேங்காய் லோடு

எங்கள் தெருவில் ஒருவர் பிக்கப் விற்கிறார், 2021 வண்டி, 1.7 டன். ஞாயிறு வந்து பார்க்கிறாயா? நானும் கூட வருகிறேன்.

பாலக்கோட்டுத் தோட்டம்

கண்டிப்பாக வருகிறேன் அண்ணா. பட்டறை அண்ணா, எப்படிச் சோதிப்பது?

காரிமங்கலம் பட்டறை

காலி வண்டியை ஓட்டிப் பார்ப்பது சோதனையே இல்லை. லோடு ஏற்றிக்கொண்டு போ. அறுபது கிரேட் இல்லாவிட்டாலும் நாற்பதாவது ஏற்று. கனம் பின் ஆக்சிலுக்கு முன்னால் இருக்கட்டும். கடைசி வரிசை பின்கதவைத் தாண்டித் தொங்கினால் முன்சக்கரம் லேசாகிவிடும், ஸ்டீயரிங் சொன்ன பேச்சு கேட்காது.

கிளம்பும் முன் கீழே குனிந்து பார். பின் பிளேட் (எடை தாங்கும் பட்டை ஸ்பிரிங்) இரண்டு பக்கமும் ஒரே வளைவாக இருக்கிறதா, ஃபிரேமில் புதிய வெல்டிங் இருக்கிறதா, சக்கரத்தின் உள்பக்கம் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா. பிளேட் கூடுதலாகச் சொருகியிருந்தால் அந்த வண்டி ஓவர்லோடு ஓடியது என்று அர்த்தம். இன்ஜினை அணைத்துவிட்டு நான்கு தடவை பிரேக் மிதி, பெடல் கெட்டியாகும். அழுத்தியபடியே ஸ்டார்ட் செய், பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பூஸ்டரோ வேக்குவம் பம்போ சரியில்லை.

பிறகு தொப்பூருக்கே போ. எந்த கியரில் அந்த மேட்டை ஏறுவாயோ அதே கியரில் இறங்கு. பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே வராதே. வேகம் கூடும்போது அழுத்திப் பிடி, குறைந்ததும் விட்டுவிடு. கீழே போய் ஓரமாக நிறுத்தி, நான்கு சக்கரத்துப் பக்கமும் புறங்கையைக் கிட்டே கொண்டுபோய்ப் பார். தொடாதே, தண்ணீரும் ஊற்றாதே, டிரம்மில் விரிசல் விழும். முன்னாலும் பின்னாலும் வித்தியாசம் இருக்கலாம். இடமும் வலமும் ஒரே சூடாக இருக்க வேண்டும்.

பாலக்கோட்டுத் தோட்டம்

ஞாயிறு போய் வந்தோம். நாற்பத்தைந்து கிரேட் ஏற்றி, தேங்காய் லோடு அண்ணாவும் கூட வந்தார். பிளேட் மாற்றவில்லை, வெல்டிங் இல்லை. பெடல் சோதனையும் சரி. பாளையம் டோல்கேட் தாண்டி மூன்றாவது கியரில் இறங்கினேன். வழியில் எத்தனையோ தடவை வாடகை வண்டியில் உட்கார்ந்து போயிருக்கிறேன், இப்படி இன்ஜின் பிடித்து இழுக்கிற சத்தத்தை இப்போதுதான் கவனித்தேன். இரட்டைப் பாலம் வரை நான்கு தடவைதான் பிரேக் தொட்டேன்.

கீழே நிறுத்திப் பார்த்தோம். முன்சக்கரம் இரண்டும் ஒரே சூடு. பின்னால் இடது பக்கம் புறங்கையை நிதானமாக வைத்திருக்க முடிந்தது. வலது பக்கம் ஒரு சாண் தள்ளியே சுடுகிறது, லேசாக வாடையும் வந்தது. ஓட்டும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கவில்லை. இது என்ன அண்ணா? வண்டியை விட்டுவிடவா?

காரிமங்கலம் பட்டறை

விட வேண்டாம். பிரேக்கை விட்ட பிறகும் அந்தப் பக்கம் ஷூ முழுதாக விலகவில்லை. வீல் சிலிண்டர் ஒட்டியிருக்கலாம், ஹேண்ட்பிரேக் கேபிள் இறுகியிருக்கலாம், ரிட்டர்ன் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். டிரம்மைக் கழற்றினால் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். விற்கிறவரிடம் இதைச் சொல்லி விலையில் குறைத்துக்கொள். பின்பக்கம் இரண்டு சிலிண்டரும், ஷூ ஒரு செட்டும், முழு ஃப்ளூயிடும் மாற்றிவிடலாம். ஒரு பக்கம் மட்டும் மாற்றக் கூடாது.

புதன்கிழமை கொண்டுவா. வரும்போது லோடு வேண்டாம், காலி வண்டியாகவே வா.